எல்லோரும் தொழுவது ஒருவனையா?



எம்பெருமான் திருவருளால் இத்திருக்கோயிற் பெருவிழா இனிது நிகழ்ந்து வருகின்றது. நேற்று மாலை அறுபத்து மூவர் திருவுலாவைக் கண்ணாரக் கண்டு கைகூப்பி நின்றோம். இன்று நாம் பேச வேண்டிய பொருள் 'நாயன்மார் பெருமை' என்று விழா அழைப்பிதழில் அச்சாகியிருக்கின்றது. அப்பொருளை நாம் விட்டு விலகவில்லை. ஆயினும் நேற்றிரவு ஓர் அன்பர் கேட்ட வினா ஒன்று, அதற்குள் வேறொரு வாயில் வழியாக நம்மை நுழையச் செய்துவிட்டது.

உலா முடிந்து சுவாமி இருப்பிடம் சேர்ந்தபின், கொடிமரத்தின் அருகே முதியவர் ஒருவர் நம்மை அணுகினார். திருநீறு துலங்கும் நெற்றி. கையில் அர்ச்சனைத் தட்டு. அவருக்கு ஒரே மகன். அம்மகன் வேற்றுச் சமயத்துப் பெண்ணை மணந்து, அச்சமயத்தையே தழுவி, வேறு பெயரும் பூண்டு வாழ்கின்றான். ஐந்தாண்டுகளாகத் தந்தையும் மகனும் முகம் பார்க்கவில்லை. பேரன் பிறந்த செய்தி வந்தபோதும் பெரியவர் போகவில்லை. ஆயினும் ஆண்டுதோறும் இவ்விழாவில் மகன் பெயருக்கு அர்ச்சனை செய்வது அவர் வழக்கம். "இவ்வாண்டு குருக்கள் பெயரும் நட்சத்திரமும் கேட்டபோது எனக்கு நாவெழவில்லை. பழைய பெயரைச் சொல்வதா, புதிய பெயரைச் சொல்வதா? அவன் இப்பொழுது தொழுகின்ற தெய்வமும் நம் பெருமானும் ஒன்றுதானா? ஒன்றாயின் நான் ஏன் அழுகின்றேன்? வேறாயின் என் பிள்ளை யார் கையில் இருக்கின்றான்?" என்று கேட்டுக் கண்கலங்கினார்.

நின்ற நிலையில் சொல்லி முடிக்கத்தக்க வினாவன்று அது. "நாளை மேடையிற் சொல்கின்றோம், ஊரும் பேரும் சொல்லாமல் இதனை எடுத்துக்கொள்ளலாமா?" என்று கேட்டோம். தலையசைத்துச் சென்றார். இவ்வவையில் இதே வினாவை நெஞ்சில் வைத்துக்கொண்டு வெளியே சொல்லாதிருப்பவர் வேறு சிலரும் இருத்தல் கூடும். ஆதலின் அனைவர்க்குமாகவே இதனை எண்ணிப் பார்ப்போம்.

எளிய விடைகள் இரண்டு

இவ்வினாவிற்கு எளிய விடைகள் இரண்டு உலகில் வழங்குகின்றன. ஒன்று, "எல்லாச் சமயமும் ஒன்றே, எல்லாரும் ஒரே கடவுளைத்தான் கும்பிடுகின்றனர், வேற்றுமை வெறும் பெயரளவே" என்பது. மற்றொன்று, "எம் சமயமே மெய், பிறர் தொழுவது பொய், அவர்க்குக் கதியில்லை" என்பது. முன்னது கேட்க இனிமையானது. பின்னது சொல்வோர்க்கு வீறு தருவது. இரண்டும் ஆராய்ந்தார் கூற்றாகா.

முதல் விடையை எடுத்துக்கொள்வோம். சமணரும் பௌத்தரும் உலகைப் படைத்து நடத்தும் முதல்வன் ஒருவன் உளன் என்பதை ஏற்பதில்லை. சமணர் இருவினை கழித்த தீர்த்தங்கரரைப் போற்றுவர். பௌத்தர் புத்தரையும், அவர் மொழிந்த தருமத்தையும், சங்கத்தையும் சரணடைவர். இவர்களை நோக்கி, "நீங்களும் எங்கள் கடவுளையே கும்பிடுகின்றீர்கள்" என்று கூறுவது அன்பு போலத் தோன்றும். ஆனால் அவர்கள் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக ஆராய்ந்து சொல்லிவருவதை ஒரு சொல்லால் தள்ளிவிடுவதாக அது முடியும். ஆபிரகாமைத் தம் முன்னோராகப் போற்றும் யூதர், கிறித்தவர், இசுலாமியர் ஆகிய மூவரும் கடவுள் ஒருவனே என்பதில் உடன்படுவர். எனினும் அக்கடவுள் தந்தை, மகன், தூய ஆவி என மும்மையாய் நிற்பவன் என்பது கிறித்தவர் கொள்கை. அவன் யாரையும் பெறவுமில்லை, யாராலும் பெறப்படவுமில்லை என்பது இசுலாமியர் கொள்கை. இவ்விரண்டும் ஒருங்கே பொருந்துமாறு எங்ஙனம்? ஆகவே சமயங்களின் கொள்கைகள் ஒன்றல்ல. வேற்றுமை பெயரளவினதன்று, பொருளளவினது. இதனை மறைப்பது நன்மையாகாது.

இரண்டாவது விடையோ நம் சமயத்தின் அடிப்படையையே அசைப்பதாகும். முதல்வன் எங்கும் நிறைந்தவன் என்கின்றோம். எல்லா உயிர்க்கும் அவன் ஒருவனே தலைவன் என்கின்றோம். இவ்வளவும் சொல்லிவிட்டு, உலகத்து மக்களுட் பெரும்பகுதியினர் அழுது வேண்டும் வேண்டுதல் அவன் செவியிற் படாது என்போமாயின், எங்கும் நிறைந்தவன் என்றது என்னாயிற்று? அவன் நம் மாடவீதி நான்கிற்குள் மட்டும் நிறைந்தவனாகின்றான். இது அவனைப் பெருமைப்படுத்துவதாகுமா? சிறுமைப்படுத்துவதன்றோ!

மறுத்த கையும் அணைத்த கையும்

இனி நம் ஆசிரியன்மார் என்ன சொல்கின்றனர் என்று பார்ப்போம். 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்ட தேவநாயனார் பன்னிரண்டு சூத்திரங்களாற் சிவஞானபோதத்தை அருளினார். அவர்தம் மாணாக்கராகிய அருணந்தி சிவாசாரியார் அதன் வழிநூலாகச் சிவஞான சித்தியாரைச் செய்தருளினார். அந்நூல் பரபக்கம், சுபக்கம் என இரு பகுதியுடையது. பரபக்கத்தில் உலகாயதம் தொடங்கிப் பாஞ்சராத்திரம் ஈறாகப் பதினான்கு கொள்கைகளை அவர் எடுத்து, அவரவர் வாயாலேயே பேசச் செய்து, பின்னர் ஒவ்வொன்றாக மறுக்கின்றார். எல்லாம் ஒன்றே என்னும் எண்ணமுடையவர் இவ்வாறு உழைத்து மறுக்கமாட்டார். கொள்கை வேற்றுமை அவருக்கு உண்மையானது, முதன்மையானது.

அவரே சுபக்கத்தில் இரண்டாஞ் சூத்திரத்து விளக்கத்தில் என்ன சொல்கின்றார் தெரியுமா? நீவிர் எத்தெய்வத்தை வழிபட்டாலும், அத்தெய்வத்தின் வடிவிலேயே உமையொருபாகனாகிய எம்பெருமானே அங்கு வந்து ஏற்றருளுவான் என்கின்றார். அதற்குக் காரணமும் காட்டுகின்றார். பிறப்பும் இறப்பும் துன்பமும் வினையும் உடைய எதுவும் தன்னை நோக்கிச் செய்யப்படும் வழிபாட்டை முற்ற அறிந்து பயன் தர வல்லதாகாது. அவை இல்லாத ஒருவனே அறிந்து அருள வல்லான். ஆகவே எங்கு யார் செய்த வழிபாடாயினும் அதனை அறிபவன் அவனே. பயன் தருபவனும் அவனே.

அன்பர்களே, இதனை ஊன்றி நோக்க வேண்டும். பதினான்கு கொள்கைகளை மறுத்தவரே, யார் எங்கு வழிபடினும் அது வீண்போவதில்லை என்கின்றார். மறுத்த கையும் அணைத்த கையும் ஒருவர் கைகளே. இரண்டும் ஒரே நூலுள் உள்ளன. இஃது எவ்வாறு முரணின்றிப் பொருந்துகின்றது?

தொழுகின்றவன் கொள்ளும் கருத்து ஒன்று. தொழுகையை ஏற்கின்ற பொருள் மற்றொன்று. கருத்துகள் பல, அவை ஒன்றோடொன்று முரணும், அவற்றுள் உயர்ந்ததும் உண்டு, குறைந்ததும் உண்டு. அருணந்தியார் மறுத்தது கருத்தை. ஏற்கின்ற பொருளோ ஒன்றே. ஏற்பதற்கு வேறொருவர் இல்லை. வழிபாடு சென்று சேர்வது தொழுபவனுடைய அறிவின் திறத்தால் அன்று. ஏற்பவனுடைய அறிவின் நிறைவால்.

ஓர் எளிய எடுத்துக்காட்டுக் கூறுவோம். எழுதப் பழகும் சிறுவன் தன் பாட்டிக்குக் கடிதம் எழுதித் தபாற்பெட்டியில் இடுகின்றான். தெருப்பெயர் பிழை, கதவிலக்கமே இல்லை. ஆயினும் அவ்வூர்த் தபாற்காரர் அப்பாட்டியை அறிந்தவர். கடிதம் பாட்டியின் கையிற் சேர்ந்துவிடுகின்றது. சேர்ந்தமையால் முகவரி சரியாயிற்று என்று கூறலாமா? கூடாது. முகவரி பிழையாதலாற் கடிதம் சேரவில்லை என்று கூறலாமா? அதுவும் கூடாது. முகவரி பிழை, கடிதம் சேர்ந்தது, இரண்டும் உண்மை. இங்கே முகவரி எழுதும் முறை சமயக் கொள்கை. கடிதம் சிறுவனது அன்பு. கொண்டு சேர்க்கும் அறிவும் பெற்றுக்கொள்ளும் கையும் இறைவனுடையவை.

"அவ்வாறாயின் சரியான முகவரி எதற்கு? எதனைத் தொழுதாலும் போதுமே!" என்று கேட்கலாம். முகவரி செம்மையாயின் கடிதம் தடையின்றிச் செல்லும். மறுமொழி வருமிடமும் தெரியும். இறைவன் யார், உயிர் யாது, உயிரைப் பிணித்த தளை யாது என்பதைத் தெளிந்து வழிபடுபவன் விரைந்து முதிர்வான் என்பது சித்தாந்தத் துணிபு. அதனாற்றான் பிற சமயங்களை இகழ்ந்து தள்ளாமல், புறப்புறம், புறம், அகப்புறம், அகம் என நால்வகையாக வைத்துப் படிமுறை கண்டனர் நம் முன்னோர். திருமூல நாயனாரும் ஆறு சமயங்களை ஒரு பேரூருக்குச் செல்லும் ஆறு வழிகளோடு ஒப்பிட்டு, இது நன்று அது தீது என்று பூசலிடுவோரைக் குன்றைப் பார்த்துக் குரைக்கும் நாயோடு ஒப்பிடுகின்றார்.

இவ்விடத்தில் நாம் நேர்மையாக ஒன்று சொல்லியாக வேண்டும். "நீங்கள் தொழுவதை ஏற்பவன் சிவபெருமானே" என்னும் இவ்விடை நம் வீட்டு விடை. கிறித்தவரோ இசுலாமியரோ இதனை ஏற்கமாட்டார். அவர்க்கும் அவரவர் வீட்டு விடை உண்டு. திருக்குர்ஆன், வேதம் வழங்கப்பெற்ற முன்னையோரை நோக்கி, நம் இறைவனும் உங்கள் இறைவனும் ஒருவனே எனக் கூறுமாறு இசுலாமியரைப் பணிக்கின்றது. 1965ஆம் ஆண்டில் கத்தோலிக்கத் திருச்சபையின் இரண்டாம் வத்திக்கான் சங்கம், இசுலாமியரும் ஒரே கடவுளைத் தொழுவோர் என்று மதித்து ஓர் அறிக்கை வெளியிட்டது. ஒவ்வொருவரும் தத்தம் நெறியில் நின்றுகொண்டே அண்டைவீட்டாரை நோக்குகின்றனர். நாமும் நம் நெறியில் நின்றே நோக்குகின்றோம். நிற்பதற்கு ஓரிடம் இன்றி நோக்குதல் எவர்க்கும் இயலாது.

தமிழ் தந்த சொற்கள்

நம் தமிழகத்தில் இவ்வுண்மைக்கு இனிய சான்றுகள் உள்ளன. கிறித்தவ வேதத்தைத் தமிழிற் பெயர்க்க வந்த ஐரோப்பியப் பாதிரிமார்க்குக் கடவுளைச் சுட்டும் சொல்லே முதற் சிக்கலாயிற்று. தரங்கம்பாடிக்கு 1706இல் வந்த சீகன்பால்கு 'சருவேசுரன்' என்றார். 18ஆம் நூற்றாண்டில் பப்ரீசியஸ் 'பராபரன்' என்றார். 1871இல் வெளிவந்த மொழிபெயர்ப்பு 'தேவன்' என்றது. 1995இல் வெளிவந்த திருவிவிலியம் 'கடவுள்' என்கின்றது. இச்சொற்கள் யாவும் நம்மவர் நெடுங்காலமாக இறைவனை அழைத்த சொற்களே. 18ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த தாயுமான சுவாமிகள் பராபரக்கண்ணி பாடினார். 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வாழ்ந்த குணங்குடி மஸ்தான் சாகிபு என்னும் இசுலாமியப் பெரியாரும் பராபரக்கண்ணி பாடினார். சொல் ஒன்றாதலால் கொள்கையும் ஒன்றாகிவிடாது. அதனை முன்னரே கூறினோம். ஆயினும் உள்ளம் உருகி அழைக்க முற்பட்டபோது இருவர்க்கும் ஒரே தாய்மொழி ஒரே சொல்லை எடுத்துக் கொடுத்தது. அச்சொல்லுக்கு உரியவன் யார் என்பதில் நமக்கு ஐயமில்லை.

யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலரை நினையுங்கள். பெர்சிவல் பாதிரியாருக்குத் துணையாயிருந்து விவிலியத்தைத் தமிழாக்கும் பணியில் உழைத்தவர் அவர். அம்மொழிபெயர்ப்பு 1850இல் வெளிவந்தது. அந்நூலை எழுத்தெண்ணிக் கற்றும் அவர் சைவம் விட்டு அகலவில்லை. 1848இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார்; 1854இல் சைவ தூஷண பரிகாரம் எழுதிச் சைவத்தைப் பழித்தார்க்கு விடையிறுத்தார். மறுபுறம் ஜி. யு. போப் என்னும் போப்பையரை நினையுங்கள். 1839இற் கிறித்தவம் பரப்பத் தமிழகம் வந்தவர். திருக்குறளை ஆங்கிலமாக்கி 1886இல் வெளியிட்டபின், தம் எண்பதாம் வயதில், 1900இல், திருவாசகம் முழுவதையும் ஆங்கிலத்திற் பெயர்த்து அச்சேற்றினார். இறுதிவரை அவர் கிறித்தவராகவே வாழ்ந்தார். ஒருவர் பிறர் வேதத்தைக் கற்றார். தம் நெறியைக் காத்தார். மற்றவரும் அவ்வாறே. எல்லாம் ஒன்றென்று இருவரும் சொல்லவில்லை. பிறர் அன்பைப் பொய்யென்று எண்ணியிருந்தால் போப்பையர் முதுமையில் அவ்வளவு உழைத்திருப்பாரா?

கல்லே மலரானது

இனி நேற்றைய திருவுலாவிற்கு வருவோம். அறுபத்து மூவர் வரிசையிற் சாக்கிய நாயனாரும் எழுந்தருளினார். திருச்சங்கமங்கையில் வேளாளர் குலத்திற் பிறந்தவர். பிறவிப் பிணி தீர வழி தேடிக் காஞ்சிமாநகர் சென்று புத்த நெறியைச் சார்ந்தவர். நாளடைவில் சிவநெறியே மெய்ந்நெறி என அவருள்ளம் தெளிந்தது. ஆயினும் அவர் புத்தத் துறவியின் கோலத்தைக் களையவில்லை. எந்நிலையில் நின்றாலும் எக்கோலம் பூண்டாலும் இறைவன் திருவடியை மறவாமையே பொருளென்று கொண்டார் எனச் சேக்கிழார் பெருமான் அருளுகின்றார். ஒருநாள் வெட்டவெளியில் ஒரு சிவலிங்கத்தைக் கண்டார். அன்பின் மிகுதியால் செய்வதறியாது, அருகே கிடந்த கல்லை எடுத்து அதன்மேல் எறிந்தார். மறுநாளும் எறிந்தார். அதுவே அவர்தம் நாட்பூசையாயிற்று. ஒருநாள் மறந்து உண்ணப் புகுந்தவர், நினைவு வந்ததும் பசியோடு எழுந்தோடிக் கல்லெறிந்தார். அப்போது அம்மையப்பர் விடைமேற் காட்சி தந்தருளினர்.

பார்ப்பவர் கண்ணுக்கு அவர் வேற்றுச் சமயத்தார். கையிலிருந்ததோ கல். ஏற்பவன் திருவுள்ளத்திற்கு அவர் அடியார், அக்கல்லோ மலர். நாயனார் உள்ளத்தே சிவனை அறிந்தே எறிந்தார். ஆதலால் அவர் கதையைக் கொண்டே, அறியாது தொழுவார்க்கும் அவ்வாறே என்று முடிவு கூறுதல் பொருந்தாது. அதற்குச் சித்தியார் விடை தந்தது. சாக்கியர் வரலாறு நமக்கு வேறொன்றைக் கற்பிக்கின்றது. ஒருவரது கோலத்தையும் கையிலுள்ளதையும் கண்டு அவர் இறைவனுக்கு எவ்வளவு அணியர், எவ்வளவு சேயர் என்று அளந்து தீர்ப்புக் கூறும் உரிமை நமக்கில்லை. காஞ்சியில் அவரைக் கண்டோர் தீர்ப்புக் கூறியிருந்தால், சிவலிங்கத்தைக் கல்லாலடித்தவன் என்றே கூறியிருப்பர். இறைவனோ அவரை அறுபத்து மூவருள் வைத்தான். நேற்று நாம் தேங்காய் உடைத்துக் கும்பிட்டோமே, அவரைத்தான்.

எந்தப் பெயரைச் சொல்வது?

கொடிமரத்தடியில் நின்ற பெரியவரே! நீவிர் இவ்வவையில் எங்கேனும் அமர்ந்திருப்பீர் என நம்புகின்றோம்.

உம்முடைய துயரம் பொய்யன்று. மகன் உம் நெறியை விட்டது உமக்கு இழப்பே. வழிவழி வந்த செல்வம் ஒன்று கைமாறாது நின்றுவிட்டது. எல்லாம் ஒன்றுதானே என்று சொல்லி அவ்விழப்பை நாம் துடைக்க மாட்டோம். ஒன்றாயிருந்தால் நீவிர் அழுதிருக்கமாட்டீர் என்பது உம் நெஞ்சிற்கே தெரியும்.

ஆயினும் உம் பிள்ளை யார் கையில் இருக்கின்றான் என்று கேட்டீரே, அதற்கு விடை ஐயமின்றி உண்டு. அவன் எக்கூடத்தில் முழந்தாளிட்டாலும், எத்திசை நோக்கித் தலைவணங்கினாலும், மனமுருகி இறைவா என்று அழைக்கும்போது அவ்வழைப்பைக் கேட்பதற்கு வேறு செவி இல்லை. அவன் நெறியை விட்டிருக்கலாம். முதல்வன் அவனை விடவில்லை. விடுதல் அம்முதல்வனுக்கு இயலாது; எங்கும் நிறைந்தவன் எங்கே விடுவான்?

அர்ச்சனைக்கு எப்பெயரைச் சொல்வது என்றும் கேட்டீர். நேற்று நீவிர் புறப்படும்போது உம்மையறியாமல் ஒரு சொல் சொன்னீர்: "பெயரை மாற்றிக்கொண்டால் என்ன, அவன் என் பிள்ளை அல்லாமற் போய்விடுவானா?" என்று. ஐயா, அச்சொல்லிலேயே விடை இருக்கின்றது. ஊரார் அவனை ஒரு பெயரால் அழைப்பர். மனைவி வேறொன்றால் அழைப்பாள். நீவிர் பழைய பெயரால் அழைப்பீர். அவரவர் அவனைப் பற்றிக் கொண்டுள்ள எண்ணமும் வேறு வேறே. எப்பெயரால் யார் அழைத்தாலும் திரும்பிப் பார்ப்பவன் அவன் ஒருவனே. அவனை நீவிர் எப்பெயரிலும் அறிகின்றீர். சிற்றறிவுடைய தந்தைக்கே இவ்வளவு கூடுமாயின், முற்றறிவுடைய தந்தைக்குக் கூடாதா? எப்பெயரால் அழைத்தாலும் தன்னை என்று அவன் அறியமாட்டானா? எப்பெயரில் வந்து நின்றாலும் தன் பிள்ளையை அவன் அறியமாட்டானா?

ஆகவே நீவிர் வைத்த பெயரைச் சொல்லும். பிறந்த நட்சத்திரம் மாறவில்லையே, அதனையும் சொல்லும். பேரன் பெயரையும், அவன் தாயின் பெயரையும் சேர்த்துச் சொல்லும். பின்னர் மற்றொன்றும் செய்யும். விழா முடிந்து ஊர் திரும்பும்போது நேரே உம் வீட்டிற்குச் செல்லாதீர். மகன் வீட்டுக்குச் செல்லும். நெற்றியில் திருநீற்றோடே செல்லும். அதனை அழிக்க வேண்டா, மறைக்கவும் வேண்டா. அவன் சமயத்தைப் பழிக்கவும் வேண்டா. அதுவும் நம் சமயமும் ஒன்றே என்று பொய்யாகப் புகழவும் வேண்டா. பேரனை எடுத்து மடியில் வைத்துக்கொள்ளும். அதனினும் சிறந்த சிவபூசை இவ்வாண்டு உமக்கு வேறில்லை.

எஞ்சிய நமக்கெல்லாம் சொல்லத்தக்கது சிறிதே. நம் நெறியைத் தெளிவாகக் கற்போம்; கல்லாதவனே பிறனைக் கண்டு அஞ்சுவான். வேற்றுமையை மறையாமற் பேசுவோம், பகையின்றிப் பேசுவோம். அயலார் வீட்டிலிருந்து வேண்டுதல் ஒலி கேட்கும்போது, அதனைக் கேட்டுக்கொண்டிருப்பவன் யார் என்பதை மறவாதிருப்போம்.

நாளை தீர்த்தவாரி. அனைவரும் வருக.

திருச்சிற்றம்பலம்.